பைபாஸ் பலகையில் ‘அப்ரூவ்டு’, மூலையில் ‘பரிசீலனையில்’: புகாரை எங்கே கொடுப்பது?

காவிரிக்கரையான்

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் பைபாஸில் ரவுண்டானா தாண்டியதும் பெட்ரோல் பங்குக்கு எதிரே ஒரு மனை விளம்பரப் பலகை நிற்கிறது. இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய பெரிய ஃபிளெக்ஸ், இரவில் ஃபோகஸ் லைட் வேறு. வாசகம் இதுதான்:

“டிடிசிபி அப்ரூவ்டு மனைகள்! பேருந்து நிலையத்திலிருந்து வெறும் 5 நிமிடம்! 100% வங்கிக் கடன்! சிப்காட் வருகிறது, விலை ஏறும் முன் முந்துங்கள்!”

வலது கீழ் மூலையில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி. வண்டியை நிறுத்தி, செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால்தான் படிக்க முடிகிறது. அனுமதி பரிசீலனையில் இருக்கிறதாம், எல்லாம் நிபந்தனைக்கு உட்பட்டதாம். ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், கொடுக்கும் பதிவு எண் எங்கேயும் இல்லை.

பேருந்து நிலையத்திலிருந்து அந்த இடம் 9 கிலோமீட்டர். 5 நிமிடத்தில் போக வேண்டுமானால் மணிக்கு 108 கி.மீ. வேகம் வேண்டும், அதுவும் காய்கறி மார்க்கெட் வழியாக.

என் சகலை இதில் ஒரு பிளாட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக இருக்கிறார். சைட் விசிட்டுக்கு வேனில் கூட்டிப்போய் மதியச் சாப்பாடும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவரை ஒருவாறு நிறுத்தி வைத்திருக்கிறேன். உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டேன்: “கம்பத்துக்கு அனுமதி இருக்கா என்றுதான் பார்ப்போம் சார், மேலே என்ன எழுதியிருக்கு என்பது எங்க வேலை இல்லை.” சார்பதிவாளர் அலுவலகத்தில், “பத்திரம் பதிய வரும்போது பார்த்துக்கலாம்.” அப்படியானால் இந்தப் பலகையை யாரிடம்தான் சொல்வது?

டீக்கடை_பெஞ்ச்

யாரிடமும் சொல்ல வேண்டாம். கட்சிக்காரர் யாராவது பார்ட்னராக இருப்பார். மனு போகும், ரசீது வரும், அதோடு சரி. சகலையை மட்டும் காப்பாற்றிக்கொள்ளுங்கள், ஊரைக் காப்பாற்ற முடியாது.

பழைய_சர்வேயர்

பெஞ்சுக்காரர் சொல்வதில் பாதி உண்மை. மீதியை நான் சொல்கிறேன்.

‘அப்ரூவ்டு’ என்று சும்மா எழுத முடியாது. நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது நாம் டிடிசிபி என்கிறோமே அது, மனைப்பிரிவு வரைபடத்துக்கு முதலில் தொழில்நுட்ப ஒப்புதல் தரும். அதன்பிறகு சாலைகளையும் பொது ஒதுக்கீட்டு இடத்தையும் தானப்பத்திரமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசியில் உள்ளாட்சி இறுதி ஒப்புதல் கொடுக்கும். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தே ‘டிடிசிபி அப்ரூவ்டு’ என்று பலகை வைப்பது பழைய பழக்கம். கேட்டால், “அப்ளை பண்ணிட்டோம் சார், வந்துடும்” என்பார்கள். வரலாம். வராமலும் போகலாம். வந்தாலும், வேனில் காட்டிய வரைபடத்தில் உங்கள் பிளாட் இருந்த இடத்தில் பூங்கா வந்திருக்கும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வகை, ‘பஞ்சாயத்து அப்ரூவல்’. ஊராட்சித் தலைவர் முத்திரை குத்திக் கொடுத்த வரைபடம். இதை வைத்தே ஒரு காலத்தில் மாநிலம் முழுக்க விற்றார்கள். 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டபோதுதான் எத்தனை பேர் மாட்டியிருக்கிறார்கள் என்று வெளியே தெரிந்தது. அப்புறம் 2017-இல், அனுமதியற்ற மனைகளை முறைப்படுத்த வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தார்கள். அது 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு. இன்று புதிதாகப் போடும் லேஅவுட்டுக்கு அந்தக் கதவு கிடையாது.

முதலில் சர்வே நம்பரை வாங்குங்கள். “லோன் கேட்கிறோம், பேங்கில் காட்டணும்” என்றால் புரோக்கரே வரைபட நகல் கொடுத்துவிடுவார். சர்வே நம்பர் கையில் இருந்தால் பட்டா, அ-பதிவேடு என்ற கிராம நிலப் பதிவேடு, புலப்படம் என்ற அளவு வரைபடம் எல்லாம் இணையத்திலேயே பார்த்துவிடலாம். நிலம் இன்னும் புஞ்சையாக யார் பெயரில் நிற்கிறது என்று பார்த்தாலே பாதிக் கதை தெரியும்.

வாய்தா_வக்கீல்

சர்வேயர் அண்ணன் மண்ணைப் பார்த்தார், நான் பலகையைப் பார்க்கிறேன். இந்தப் பலகையில் மிகப் பெரிய ஓட்டை, அதில் இல்லாத ஒன்று: ரெரா பதிவு எண்.

2016-ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 3-வது பிரிவு, பதிவு செய்யாமல் விற்கக் கூடாது என்பதோடு நிற்கவில்லை; விளம்பரமே செய்யக் கூடாது என்கிறது. புக்கிங் வாங்குவதும் கூடாது. விதிவிலக்கு, 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலம் அல்லது 8 வீடுகளுக்கு மிகாத கட்டடம். 500 சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய 12 சென்ட். பைபாஸில் லைட் போட்டு விளம்பரம் செய்கிறவன் 12 சென்ட்டில் லேஅவுட் போடவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

பதிவு செய்திருந்தாலும் தப்ப முடியாது. 11-வது பிரிவின் 2-வது உட்பிரிவுப்படி விளம்பரத்தில் ஆணையத்தின் இணைய முகவரியும் பதிவு எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் அந்த எண் டிஎன் என்று தொடங்கும். பிறகு மாவட்டக் குறியீடு, லேஅவுட்டா பில்டிங்கா என்பது, வரிசை எண், ஆண்டு. ஆணையத்தின் தளத்தில் போட்டால் திட்டம் வந்து நிற்க வேண்டும். சிலர் வேறு திட்டத்தின் எண்ணை ஒட்டிவிடுவதும் உண்டு, அதனால் எண்ணோடு ஊரும் சர்வே நம்பரும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

பதிவே இல்லையென்றால் 59-வது பிரிவு: திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம். பதிவு செய்த திட்டத்தில் விளம்பர விதியை மட்டும் மீறினால் 61-வது பிரிவு, 5 சதவீதம் வரை. இதெல்லாம் பலகைக்கு வாடகை கட்டுவது மாதிரித் தொகை இல்லை.

உங்கள் சகலைக்குத் தனியாக ஒன்று. விளம்பரத்தில் இருந்த பொய்யை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டால், 12-வது பிரிவின்படி நஷ்டஈடு கேட்கலாம். விலகிக்கொள்ள நினைத்தால் போட்ட பணம் முழுவதையும் வட்டியோடு கேட்கலாம். ஆனால் பணத்தைக் கொடுத்துவிட்டு வழக்கு நடத்துவதைவிடக் கொடுக்காமல் இருப்பது மலிவு. என் பிழைப்புக்கு எதிராகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபிளெக்ஸ்_பிரஸ்

பதினைந்து வருடமாக ஃபிளெக்ஸ் அடிக்கிறேன். எங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், திட்டக் கூடாது.

மேட்டர் வாட்ஸப்பில் வரும். டிசைன் போடும் பையன் போன முறை போட்ட லேஅவுட்டின் ஃபைலைத் திறந்து ஊர்ப் பெயரையும் போன் நம்பரையும் மாற்றுவான். ‘5 நிமிடம்’, ‘100% கடன்’ எல்லாம் அந்த ஃபைலிலேயே வருடக்கணக்காக இருக்கிறது. யாரும் எதையும் அளந்து எழுதுவதில்லை. மூலையில் இருக்கும் பொடி எழுத்து மட்டும் பார்ட்டி யோசித்துக் கொடுப்பது. “இதைச் சின்னதாப் போடு, இங்கிலீஷ்ல போடு” என்று சொல்லிக் கொடுப்பார்கள். அது ஒன்றுதான் அந்தப் பலகையில் அக்கறையோடு எழுதப்பட்ட வரி.

இன்னொன்று. முறையாக அனுமதி வாங்கிய கம்பத்தில் உரிம எண் எழுதியிருக்கும். காவிரி அண்ணன் பலகையின் கீழே சட்டத்தைப் பார்த்தாரா? எண் இல்லாவிட்டால், வாசகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், கம்பத்தையே கழற்றச் சொல்லலாம்.

காவிரிக்கரையான்

இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உரிம எண் எதுவும் இல்லை. கம்பம் நெடுஞ்சாலை ஓடைக்கும் தனியார் வேலிக்கும் நடுவில் நிற்கிறது. யார் நிலம் என்று தெரியவில்லை.

பழைய_சர்வேயர்

ஓடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் கேள்வி. சாலை எல்லைக்கல் இருக்கும், தேடுங்கள். கல்லுக்கு உள்ளே என்றால் தேசிய நெடுஞ்சாலைக்காரர்கள் 2002-ஆம் வருடச் சட்டப்படி அகற்றலாம். வெளியே என்றால் உள்ளாட்சி. கல்லும் கம்பமும் ஒரே படத்தில் வருவதுபோல் எடுங்கள். ‘எங்க லிமிட் இல்லை’ என்று இரண்டு பக்கமும் சொல்வதைத் தடுக்க அது ஒன்றே போதும்.

இந்தக் கம்பப் பிரச்சினையை லேசாக எண்ண வேண்டாம். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து இருசக்கர வண்டியில் போன இளம்பெண் இறந்தார். 2023 ஜூனில் கோவை கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகை கட்டும்போதே சாரம் சரிந்து தொழிலாளர்கள் 3 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு எல்லா ஊரிலும் சுறுசுறுப்பாகக் கழற்றினார்கள்.

நடுநிலை_நாகு

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். ‘வெறும் 5 நிமிடம்’ என்பதை யார் நம்புகிறார்கள்? விளம்பரம் என்றால் கொஞ்சம் ஊதித்தான் சொல்வார்கள். ‘தமிழகத்தின் நம்பர் 1 பிரியாணி’ என்று தெருவுக்கு மூன்று கடை இருக்கிறது. எல்லோர் மேலும் புகார் கொடுப்பீர்களா? வாங்குகிறவன் போய்ப் பார்த்துத்தானே வாங்குகிறான்?

வாய்தா_வக்கீல்

நாகு, பிரியாணி விஷயத்தில் உங்களோடு இருக்கிறேன். ‘நம்பர் 1’, ‘அமுத சுவை’ எல்லாம் வெறும் ஊதல், அதை அளக்கக் கோல் கிடையாது. ஆனால் ‘5 நிமிடம்’ எண். எண் போட்டால் அளக்கலாம். ரேபிடோ நிறுவனம் ‘5 நிமிடத்தில் ஆட்டோ, இல்லாவிட்டால் 50 ரூபாய்’ என்று விளம்பரம் செய்தது. கிடைத்ததோ ரொக்கம் இல்லை, 50 வரை ரேபிடோ காயின், அதுவும் 7 நாளில் காலாவதி. 2025 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. பொடி எழுத்து நிபந்தனை அவர்களைக் காப்பாற்றவில்லை.

அந்தப் பொடி எழுத்துக்குத் தனி விதியே இருக்கிறது. 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிகளின்படி, நிபந்தனை வரி விளம்பர வாசகம் எந்த மொழியிலோ அதே மொழியில் இருக்க வேண்டும். எழுத்துருவும் அதேதான். மேலே சொன்ன வாக்கை அது மறுக்கவும் கூடாது. இந்தப் பலகையில் வாக்குறுதி தமிழில், மறுப்பு ஆங்கிலத்தில். மேலே ‘அப்ரூவ்டு’, கீழே ‘பரிசீலனையில்’. இதைவிடச் சுத்தமான உதாரணத்தை நானே வரைந்தாலும் கொண்டுவர முடியாது.

நடுநிலை_நாகு

சரி, மொழி விஷயம் எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 100% கடன்? பேங்க் கொடுத்தால் தப்பு என்ன?

லெட்ஜர்

பேங்கில் வேலை பார்த்தவன் சொல்கிறேன். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான வீட்டுக் கடனிலேயே சொத்து மதிப்பில் 90 சதவீதம்தான் உச்சம். அதற்கு மேல் 75 லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75. காலி மனைக்கு இன்னும் கையைச் சுருக்குவோம். 100% வாங்கித் தருகிறார்கள் என்றால் ஒன்று, மதிப்பை ஏற்றிக் காட்டுகிறார்கள். அல்லது மீதிக்குத் தனிநபர் கடன் தலையில் கட்டுகிறார்கள். பலகையில் இந்த ஒரு வரியே போதும், நான் வண்டியைத் திருப்பிவிடுவேன்.

மாத்திரை_மாலா

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருச் சுவரில் ‘சர்க்கரை நோய் 48 நாளில் வேரோடு நீங்கும்’ என்று பெயின்ட் விளம்பரம். ஒரு வயதானவர் இன்சுலினை நிறுத்திவிட்டு அந்தப் பொடியை வாங்கிச் சாப்பிட்டுக் கால் புண்ணோடு வந்தார். யாரிடம் சொல்வது என்று தேடியபோதுதான் 1954-ஆம் வருட மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் கண்ணில் பட்டது. அதன் பட்டியலில் 54 நோய்கள். சர்க்கரை நோய், புற்றுநோய், சிறுநீரகக் கல், ஏன், உயரமாக வளர்ப்பதுகூட இருக்கிறது. இவற்றுக்கு மருந்து இருக்கிறது என்று விளம்பரம் செய்வதே குற்றம். மருந்து வேலை செய்கிறதா என்ற விவாதத்துக்கே போக வேண்டாம்.

மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் அந்த ஒரே வரியை மேற்கோள் காட்டி மனு கொடுத்தேன். வெள்ளையடித்தார்கள். பிறகு இரண்டு தெரு தள்ளி அதே வாசகம் வந்தது, ‘வேரோடு’ மட்டும் இல்லை. அதற்கும் மனு கொடுத்திருக்கிறேன்.

டாக்டர் பட்டம் இல்லாமல் ‘டாக்டர்’ போர்டு மாட்டியிருப்பவர் விஷயம் வேறு. அதற்கு மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், நாம் ஜே.டி. ஆபீஸ் என்போமே, அங்கே போக வேண்டும். பொட்டலத்தில் எடை, எம்.ஆர்.பி. குளறுபடி என்றால் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு. சாப்பாட்டுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு அலுவலர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல்.

ஓய்வு_ஹெட்கிளார்க்

மாலா அம்மா சொன்னதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: “அந்த ஒரே வரியை மேற்கோள் காட்டி”. முப்பது வருடம் மனுக்களைப் பிரித்து அடுக்கியவன் நான். பத்து மனுவில் ஒன்பது இப்படித்தான் இருக்கும்: ‘மேற்படி நபர் பொதுமக்களை ஏமாற்றி வருகிறார், தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். நகல்: பிரதமர், ஜனாதிபதி, முதலமைச்சர், ஐ.நா. சபை.’ இதற்கு எங்கள் பதில் தயாராக இருக்கும்: ‘உரிய துறையை அணுகுமாறு தெரிவிக்கப்படுகிறது.’ கோப்பு முடிந்தது.

ஏமாற்றுகிறானா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல எந்தக் கிளார்க்கும் விரும்ப மாட்டான். ஆனால் ‘உங்கள் பதிவேட்டில் இந்த எண் இருக்கிறதா’ என்று கேட்டால் பதிவேட்டை எடுத்துத்தான் ஆக வேண்டும். இருக்கு, இல்லை, இரண்டில் ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் பலகையில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ‘இதைச் சரிபார்க்கும் பதிவேடு யாரிடம் இருக்கிறது’ என்று கேளுங்கள். அங்கே மட்டும் அந்த வரியை அனுப்புங்கள். அனுமதி உண்டா என்பது நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு. பதிவு எண் ரெரா ஆணையத்துக்கு. கம்பம் உள்ளாட்சிக்கோ நெடுஞ்சாலைக்கோ. ஒரே மனுவில் நான்கையும் கலந்தால் நான்கு பேரும் மற்ற மூன்று பேரைக் கைகாட்டுவார்கள்.

காவிரி தம்பி, மனுவை எழுதி இங்கே போடுங்கள், திருத்தித் தருகிறேன்.

காவிரிக்கரையான்

நன்றி ஐயா. சகலையிடமிருந்து வரைபட நகல் வாங்கிவிட்டேன், சர்வே நம்பர் கிடைத்துவிட்டது. ரெரா தளத்தில் அந்த ஊர்ப் பெயரிலோ நிறுவனப் பெயரிலோ எதுவும் வரவில்லை. பட்டா இன்னும் ஒரு விவசாயியின் பெயரில்தான் இருக்கிறது. மனு இதோ:

“ஐயா, எங்கள் பகுதியில் மேற்படி நிறுவனம் போலியான விளம்பரங்களின் மூலம் அப்பாவிப் பொதுமக்களை மோசடி செய்து கோடிக்கணக்கில் கொள்ளையடித்து வருவதால், தாங்கள் உடனடியாகத் தலையிட்டு…”

ஓய்வு_ஹெட்கிளார்க்

நிறுத்துங்கள். கோடிக்கணக்கில் என்று எண்ணிப் பார்த்தீர்களா? போலி, மோசடி, கொள்ளை மூன்றையும் அடித்துவிடுங்கள். ஆணையத்துக்குப் போகும் மனு இப்படி இருக்கட்டும்:

“பொருள்: … வட்டம், … கிராமம், புல எண் …: பதிவு எண் இன்றி மனை விற்பனை விளம்பரம், விசாரிக்கக் கோருதல்.
1. … தேதியில் … சாலை, கி.மீ. கல் … அருகே உள்ள பலகையில் ‘டிடிசிபி அப்ரூவ்டு மனைகள்’ என்று உள்ளது. படம் 1.
2. அதே பலகையின் வலது கீழ் மூலையில் அனுமதி பரிசீலனையில் உள்ளதாக ஆங்கிலத்தில் உள்ளது. படம் 2.
3. பலகையில் ஆணையத்தின் பதிவு எண்ணோ இணைய முகவரியோ இல்லை. தங்கள் தளத்தில் தேடியதிலும் இத்திட்டம் காணப்படவில்லை. திரைப்படம் 3.
4. விற்பனையாளர் கொடுத்த வரைபடத்தின்படி பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல். நகல் 4.
5. இத்திட்டம் பதிவு செய்யப்பட்டுள்ளதா என்பதைத் தெரிவிக்கவும், இல்லையெனில் விளம்பரத்தின் மீது 3, 59 பிரிவுகளின்படி நடவடிக்கை எடுக்கவும் வேண்டுகிறேன்.”

இவ்வளவுதான். உரிச்சொல் ஒன்றுகூட இல்லை பாருங்கள். இன்னொரு மனு நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகத்துக்கு. அதில் ஒரே கேள்வி: இந்தப் புல எண்ணுக்கு இறுதி ஒப்புதல் வழங்கப்பட்டதா, ஆம் எனில் எண்ணும் தேதியும் என்ன. ‘திரைப்படம்’ என்று எழுதிவிட்டேன், ஸ்கிரீன்ஷாட் என்றே போட்டுக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் அதுதான் புரியும்.

டீக்கடை_பெஞ்ச்

ஐயா எழுதியது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் என்ன? அங்கேதானே டிவி கேமரா இருக்கும்.

வாய்தா_வக்கீல்

பெஞ்ச் அண்ணனே ஒரு நல்ல வழியைச் சொல்லிவிட்டார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு, பொதுமக்களைப் பாதிக்கும் தவறான விளம்பரம் பற்றிய புகாரை மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம் என்கிறது. 16-வது பிரிவு, ஆட்சியர் அதை விசாரித்து மத்திய ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பலாம் என்கிறது. நிறையப் பேருக்கு இது தெரியாது, அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மனுவின் பொருள் வரியில் ‘பிரிவு 17-இன் கீழ்’ என்று போடுங்கள். வெறும் பொது மனுவாகக் கொடுத்தால் அது வேறு மேஜைக்குப் போய்விடும். பாதிக்கப்பட்டவர்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இதில் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்து வையுங்கள், தமிழிலேயே பேசலாம்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது அடுத்த கட்டம். அது பணம் கொடுத்தவருக்கு. 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

அயலகத்_தமிழன்

ஷார்ஜாவில் இருக்கிறேன். இங்கே எங்கள் அறையில் நான்கு பேர் இப்படிப்பட்ட யூடியூப் வீடியோ பார்த்து ஊரில் பிளாட் வாங்கியிருக்கிறார்கள். டிரோன் படம், பின்னணி இசை, தெரிந்த ஒரு யூடியூபர் வந்து ‘நானே புக் பண்ணிட்டேன் மக்களே’ என்கிறார். பலகையைப் போட்டோ எடுக்கலாம், வீடியோவுக்கு என்ன செய்வது? இன்னொன்று, புகார் கொடுத்தால் நம் பெயர் அவர்களுக்குப் போய்விடாதா? அம்மா அங்கே தனியாக இருக்கிறார்.

வாய்தா_வக்கீல்

ரெரா சட்டத்தில் ‘விளம்பரம்’ என்றால் எந்த ஊடகத்தில் வந்தாலும் விளம்பரம்தான். வீடியோ இணைப்பை மட்டும் அனுப்பாதீர்கள், நாளைக்கே தனிப்பட்டதாக மாற்றிவிடுவார்கள். திரையைப் பதிவு செய்து, பதிவேற்றிய தேதி தெரிய வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபரும் பொறுப்பாளிதான்: பொய்யான விளம்பரத்துக்கு முகம் கொடுத்தால் அவருக்கே 10 லட்சம் வரை அபராதம், ஒரு வருடம் வரை எந்தப் பொருளுக்கும் விளம்பரம் செய்யத் தடை.

பெயர் விஷயத்தில் பொய் சொல்ல மாட்டேன். விசாரணை என்று வந்தால் எதிர்த்தரப்புக்கு மனு நகல் போகும். பெயரில்லாத மனுவுக்கு மதிப்புக் குறைவு. ஆனால் அவதூறு வழக்குப் போடுவேன் என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தில் கொடுக்கும் புகார் அவதூறு ஆகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவிலேயே விதிவிலக்கு இருக்கிறது. அதையே ஃபேஸ்புக்கில் ‘ஃபிராடு கும்பல்’ என்று போட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. இந்த இழையில் யாரும் நிறுவனத்தின் பெயரைக் கேட்காததற்கும் அதுதான் காரணம்.

அம்மா தனியாக இருக்கிறார் என்றால் நீங்கள் வெளிநாட்டு முகவரியிலிருந்தே இணையவழி அனுப்புங்கள். ஊரில் யாரும் அலுவலகப் படி ஏற வேண்டாம்.

காவிரிக்கரையான்

ஒரு தகவல். மூன்று மனுவும் போய்ச் சேர்ந்தன. எல்லைக்கல்லைக் கண்டுபிடித்துவிட்டேன், புதருக்குள் இருந்தது, கம்பம் கல்லுக்கு வெளியே, அதாவது உள்ளாட்சி எல்லையில். உள்ளாட்சிக்கும் ஒன்று கொடுத்தேன்: ‘இந்தக் கம்பத்துக்கு உரிமம் உண்டா, எண் என்ன’ என்று மட்டும். அதே மேஜையில் அதே நபர். இந்த முறை “எங்க வேலை இல்லை” என்று சொல்லவில்லை, ரெஜிஸ்டரைப் புரட்டினார், பின்னால் இருந்தவரைக் கூப்பிட்டார், “விட்டுட்டுப் போங்க” என்றார்.

இன்று காலை பார்த்தால் பலகை இருக்கிறது, ஆனால் ‘அப்ரூவ்டு’ என்ற சொல்லின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி ‘அப்ளைடு’ என்று மாற்றியிருக்கிறார்கள். 5 நிமிடமும் 100 சதவீதமும் அப்படியே. புரோக்கர் சகலைக்குப் போன் செய்து, “உங்க சொந்தக்காரர் யாரோ ஆபீஸ் ஆபீஸா அலையறாராமே” என்று கேட்டிருக்கிறார்.

ஃபிளெக்ஸ்_பிரஸ்

ஸ்டிக்கரா? புது ஃபிளெக்ஸ் அடிக்கச் செலவாகும், ஸ்டிக்கர் சல்லிசு. மழை வந்தால் உரிந்துவிடும், அதற்குள் விற்றுவிடலாம் என்ற கணக்கு.

வாய்தா_வக்கீல்

ஸ்டிக்கர் ஒட்டியதையும் படம் எடுங்கள், தேதியோடு. முன்பு இருந்த வாசகம் தவறு என்று அவர்களே எழுதிக் கொடுத்தது மாதிரிதான் அது. ‘அப்ளைடு’ என்று போட்டாலும் பதிவு எண் இல்லாமல் விளம்பரம் செய்வது விளம்பரம்தான், 3-வது பிரிவு அப்படியே நிற்கிறது. ஆணையத்துக்குக் கூடுதல் மனுவாக அனுப்புங்கள், பழைய மனு எண்ணைக் குறிப்பிட்டு.

ஓய்வு_ஹெட்கிளார்க்

உள்ளாட்சியில் “விட்டுட்டுப் போங்க” என்றால் ரசீது கொடுத்தாரா? கொடுக்கவில்லையானால் பதிவுத் தபாலில் இன்னொரு பிரதி அனுப்பிவிடுங்கள். 30 நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். ‘ஏன் நடவடிக்கை இல்லை’ என்று கேட்டால் பதில் வராது. ‘இந்தச் சாலையில் உரிமம் வழங்கப்பட்ட விளம்பரப் பலகைகளின் பட்டியல் நகல், என் மனு மீதான கோப்புக் குறிப்பின் நகல்’, இரண்டே வரி. நகலாகக் கேட்டால்தான் கொடுப்பார்கள்.

நடுநிலை_நாகு

சகலை என்ன சொல்கிறார்?

காவிரிக்கரையான்

கோபமாக இருக்கிறார். என்னிடம்தான். “நல்ல கார்னர் பிளாட், உங்களால போச்சு” என்கிறார். டோக்கன் இன்னும் கொடுக்கவில்லை. அவர் மனைவி மட்டும் தனியாகப் போன் செய்து பட்டா நகல் அனுப்பச் சொன்னார். அனுப்பிவிட்டேன்.

தங்கம்_வாங்கலையோ

நல்ல இழை, சேமித்து வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் நகைக்கடை ஒன்றில் ‘சேதாரம் 0%’ என்று வாசலில் பேனர். உள்ளே போனால் செய்கூலியில் எல்லாம் சேர்த்துப் போடுகிறார்கள், பில்லில் எச்.யு.ஐ.டி. என்கிற ஹால்மார்க் அடையாள எண்ணும் எழுதித் தரவில்லை. இதை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

ஓய்வு_ஹெட்கிளார்க்

எச்.யு.ஐ.டி. எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்கக் குறியீடு, நகையிலேயே பொறித்திருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் வருகிறதா என்று முதலில் பாருங்கள். பில்லின் படத்தையும் பேனர் படத்தையும் போட்டுத் தனி இழை தொடங்குங்கள் அம்மா, இங்கே மனைக் கதையோடு கலந்தால் இரண்டும் காணாமல் போய்விடும்.